நிமித்தம் பார்த்தவர்கள்

யுத்தம் வருமா என்று கேட்பவர்களில் பலர் விடையைத் தீர்மானித்துக்கொண்ட பிறகே கேட்கிறார்கள். தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையை இது சம்பந்தமாக நினைத்துக்கொள்ளலாம். ஆநிரை கவர்தல் அண்டை நாட்டோடு பகைக்கு முதல் செய்கை. அதன் துறைகளில் முதலாவது படை கிளம்பும் ஆரவாரம். அதற்கு அடுத்ததுதான் பாக்கத்தில் நின்று விரிச்சி கேட்பது. பிறகு வேற்றுப்புலம் நோக்கிய செலவு. ஒற்றர் அறிந்துவந்து சொல்லும் வேய் அதற்கும் பின்னால் வருகிறது. நிமித்தம் பார்த்துவிட்டு அல்ல படை எழுவது. படை எழுந்த பிறகு நிமித்தம் பார்க்கிறார்கள். இலக்கண ஆசிரியன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நடப்பதை நடக்கிற வரிசையில் வைத்திருக்கிறான், அவ்வளவே. இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் அண்டை நாடுகளுக்கிடையே யுத்தத்தை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர்களின் சரித்திரத்தைப் பார்க்கும்போது, இவ்வரிசை அதிகம் மாறிவிடவில்லை என்றே தோன்றுகிறது.

வரிசையை மாற்ற மெய்யாகவே முயன்ற ஒருவரிலிருந்து தொடங்குவது நல்லது.

1

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் 1881இல் இங்கிலாந்தில், நியூகாஸிலில், ஒரு க்வேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். கொலைக்கு எதிரான மத நம்பிக்கை காரணமாக முதல் உலக யுத்தத்தில் ஆயுதம் தூக்க மறுத்தார். ஆனால் வீட்டிலும் இருந்துவிடவில்லை. 1916 முதல் 1919 வரை பிரான்சில் ஒரு பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவுடன் இணைந்த ஆம்புலன்ஸ் குழுவில் வண்டி ஓட்டினார். ஓய்வு நேரத்தில், வைக்கோல் குவியலை மேஜையாகக் கொண்டு, ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். 1910 மே 20ஆம் தேதி ஐரோப்பாவின் வானிலையைச் சமன்பாடுகளால் மட்டுமே கணித்துவிட முடியுமா என்பது கணக்கு. கையெழுத்துப் பிரதி 1917இல் சண்டை அமளியில் தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்கு சொன்னது. அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. இந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாக வெளியிட்டார். 1950இல் மின்னணுக் கணிப்பொறி ஒன்று இதே வழியில் வானிலையைக் கணித்தபோது, அச்செய்தியைக் கேட்க உயிரோடிருந்தார்.

வானிலைக்குச் செய்ததை யுத்தத்துக்கும் செய்யலாம் என்று அவர் நம்பினார். 1919இலேயே யுத்தத்தின் கணித உளவியல் பற்றி ஒரு சிறு நூலைத் தம் செலவில் அச்சிட்டு, ஆம்புலன்ஸ் குழுத் தோழர்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். வானிலை இலாகா 1920இல் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் சென்றதும் வேலையை விட்டார். 1940இல், ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர் பதவியிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்று, மீதமிருந்த வாழ்நாளை யுத்தங்களை எண்ணுவதில் செலவிட்டார். 1953இல் இறந்தார். அவருடைய இரு பெரிய நூல்களும் புத்தகக் கடையை அடைந்தது 1960இல்தான்.

அவருடைய சமன்பாடு எளியது. ஒரு நாடு ஆயுதம் சேர்க்கும் வேகத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. அண்டை நாட்டின் ஆயுதம் தரும் அச்சம் அதைக் கூட்டும். சொந்தச் செலவின் களைப்பு அதைக் குறைக்கும். பழைய மனக்குறை இரண்டையும் சாராமல் அடியில் கிடக்கும். அடுத்த நாட்டுக்கும் இதே மாதிரி ஒரு சமன்பாடு. அச்சம் களைப்பை மிஞ்சினால் இரு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்து ஏறிக்கொண்டே போகும். 1909 முதல் 1913 வரை பிரான்ஸ்–ரஷ்யா ஒரு பக்கமும் ஜெர்மனி–ஆஸ்திரியா மறுபக்கமுமாகச் செய்த ராணுவச் செலவை வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. புள்ளிகள் நான்கே. நான்கு புள்ளிகளை நம்பி ஒரு கண்டத்தின் விதியைச் சொல்லலாமா என்று கேட்கலாம். அதற்கும் முக்கியமான விஷயம் ஒன்றை ரிச்சர்ட்ஸனே சொல்லியிருக்கிறார். மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதைத்தான் இச்சமன்பாடுகள் விவரிக்கின்றன என்றார். ஆக, இது ஆரூடம் இல்லை. யோசிக்காமல் போனால் வந்து சேரும் இடத்தை வரைந்த படம்.

அவருடைய இன்னொரு வேலை எண்ணுவது. மனிதன் மனிதனைக் கொன்ற சண்டைகளையெல்லாம் ஒரே அளவுகோலில் வைத்தார். இறந்தோர் எண்ணிக்கையின் மடக்கை அந்த அளவு. ஒரு தனிக்கொலை அதில் பூஜ்யம்; உலக யுத்தம் ஏழு. கொலைக்கும் யுத்தத்துக்கும் இடையில் நாகரிகம் எழுப்பி வைத்திருக்கும் சுவரை ஒரு மடக்கை அட்டவணையால் இடித்தார் எனலாம். சுமார் பத்தாயிரம் பேர் இறந்த அளவிலான யுத்தங்கள் 1820 முதல் 1929 வரை 110 ஆண்டுகளில் எப்படித் தொடங்கின என்று பார்த்தார். 65 ஆண்டுகளில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை. 35 ஆண்டுகளில் ஒவ்வொன்று. 6 ஆண்டுகளில் இரண்டிரண்டு. 4 ஆண்டுகளில் மும்மூன்று. முற்றிலும் தற்செயலாக நிகழும் அரிய விபத்துகளின் பரவல் எப்படியிருக்குமோ, ஏறத்தாழ அப்படியே இருந்தது. உலகம் அமைதியை நோக்கிப் போகிறது என்பதற்கும், நாசத்தை நோக்கிப் போகிறது என்பதற்கும் இந்த அட்டவணையில் ஆதாரமில்லை.

எந்த நாடு அதிகம் சண்டையிடுகிறது? மதம், மொழி, பொருளாதாரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பொதுமொழி பேசுபவர்கள் குறைவாகச் சண்டையிடுகிறார்கள் என்பதற்குப் பொதுவான சான்று கிடைக்கவில்லை. ஓரளவு உறுதியாகக் கிடைத்தது ஒன்றுதான்: எத்தனை நாடுகளோடு எல்லையோ, அத்தனைக்குச் சண்டையும் அதிகம். அண்டை அரசனே இயல்பான பகைவன் என்று கௌடில்யர் சூத்திரமாகச் சொன்னதை இவர் எண்ணிப் பார்த்துச் சொன்னார். எல்லைகளின் நீளத்தை அளக்கப் போனவருக்கு விசித்திரமான முடிவு கிடைத்தது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவேயுள்ள எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. அளவுகோல் சிறிதாகச் சிறிதாக எல்லை நீண்டுகொண்டே போயிற்று. 1967இல் மாண்டெல்ப்ரோ இதிலிருந்துதான் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற தம் புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டார். நமக்கு வேண்டியது வேறு. யுத்தத்துக்குக் காரணமாகும் அந்தக் கோடு, கிட்டப் போய்ப் பார்த்தால் கோடாக இல்லை. தலைநகரத்து வரைபடத்தில் அது ஒரு பேனாக் கீறல். அங்கே நிற்கும் சிப்பாய்க்கு அது ஓடையும் முகடும் பனியும்.

2

1961 நவம்பர் 2ஆம் தேதி டில்லியில் பிரதமர் நேரு தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. சீனாவுடனான எல்லையில், குறிப்பாக லடாக்கில், இந்தியா உரிமை கொண்டாடும் நிலத்தில் முடிந்தவரை முன்னே சென்று காவல்நிலைகளை அமைப்பது என்று முடிவாயிற்று. முன்நகர்வுக் கொள்கை என்று பின்னால் பெயர்பெற்றது இதுதான். இதற்கு அடியில் ஒரு முன்கணிப்பு இருந்தது. உளவுத்துறைத் தலைவர் பி.என். மல்லிக்கின் மதிப்பீடு அது. இந்தியச் சிப்பாய்கள் நிற்கும் இடத்தில், தங்களுக்குப் பலமிருந்தாலும், சீனர் பலப்பிரயோகம் செய்யமாட்டார்கள் என்பது அதன் சாரம்.

எதிரான மதிப்பீடு இல்லாமலில்லை. 1960இல் கிழக்குப் பிராந்தியத் தளபதி தோராட் லக்னோவில் 'லால் கிலா' என்ற பெயரில் ஒரு ராணுவப் பயிற்சியை நடத்தி, எல்லைக் கோட்டை ஒட்டி நிற்பது முடியாது, பின்தள்ளிய வரிசையில்தான் தற்காக்க முடியும் என்று காட்டியிருந்தார். 1962 ஆகஸ்டில் மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங் தம் முன்னணிக் காவல்நிலைகள் சீனரின் தயவில் இருப்பதை எழுதி அனுப்பினார். இவையெல்லாம் கோப்பில் இருந்தன. எந்த மதிப்பீடு சரி என்று பார்த்து யாரும் தேர்வு செய்யவில்லை. ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு எது இடம் கொடுத்ததோ அது உளவறிக்கை ஆயிற்று; மற்றது சோர்வுவாதம் ஆயிற்று. படையின் ஆரவாரம் எழுந்துவிட்டது. விரிச்சி அதற்குப் பிறகு கேட்கப்பட்டது.

1962 ஜூலையில் இம்மதிப்பீட்டுக்கு ஒரு பரீட்சை வந்தது. கல்வான் பள்ளத்தாக்கில் கூர்க்காக்கள் அமைத்த சிறிய காவல்நிலையை ஜூலை 10ஆம் தேதி பன்மடங்கு பெரிய சீனப் படை சூழ்ந்துகொண்டது. கூர்க்காக்கள் பின்வாங்கவில்லை. சீனரும் சுடவில்லை. டில்லியில் இது நிரூபணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது: உறுதியாக நின்றால் அவர்கள் சுடமாட்டார்கள். இன்று சுடவில்லை என்ற செய்தி, என்றும் சுடமாட்டார்கள் என்ற விதியாக மாறிய கணம் இது. அக்டோபர் 20ஆம் தேதி அதே காவல்நிலை தாக்கி அழிக்கப்பட்டது.

பீகிங்கும் அப்போது நிமித்தம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1959இல் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்ததிலிருந்து, இந்தியாவின் ஒவ்வொரு அசைவையும் திபெத்தைக் குறிவைத்ததாக அது வாசித்தது. டில்லி வெறும் அடையாளமாக நட்ட காவல்நிலைகளைப் பீகிங் படையெடுப்பின் முன்னோடியாகக் கண்டது. 1962 ஜூனில் வார்சாவில் அமெரிக்கத் தூதர், தைவானிலிருந்து சியாங் கை-ஷேக் தாக்கினால் அமெரிக்கா துணைபோகாது என்று சொன்னதும் கிழக்குக் கவலை குறைந்தது. இரு தலைநகரங்களும் ஒன்றையொன்று தவறாக வாசித்தன. ஒன்று எதிரியின் பொறுமையை மிகையாக மதிப்பிட்டது; மற்றது எதிரியின் திட்டத்தை. ரிச்சர்ட்ஸனின் சமன்பாட்டில் இதற்கு இடமில்லை. அவருடைய நாடுகள் ஒன்றன் ஆயுதத்தை மற்றது சரியாக எண்ணிக்கொள்கின்றன. மெய்யான நாடுகள் எண்ணுவதில்லை, அர்த்தம் பார்க்கின்றன.

அக்டோபர் 12ஆம் தேதி, இலங்கை செல்லும் வழியில் விமான நிலையத்தில் நிருபர்களிடம், நம் நிலத்தை விடுவிக்கும்படி ராணுவத்துக்கு உத்தரவு தரப்பட்டிருப்பதாக நேரு கூறினார். அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டியிருந்த பிரிகேட் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நாம்கா சூ ஓடைக்கரையில், பருத்தி உடுப்போடு, ஆளுக்கு ஐம்பது தோட்டாக்களோடு நின்றிருந்தது. எட்டு நாளில் அது சிதறியது. அதன் தலைவர் பிரிகேடியர் தால்வி சிறைப்பட்டார். நவம்பர் 21ஆம் தேதி சீனா தானாகவே சண்டை நிறுத்தம் அறிவித்தபோது, அரசு பின்னால் தந்த கணக்குப்படி, இந்தியத் தரப்பில் 1,383 பேர் இறந்திருந்தார்கள். சுமார் 1,700 பேரைக் காணவில்லை. 3,900க்கும் அதிகமானோர் கைதிகள். தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்ஸன் ப்ரூக்ஸ் அறிக்கை 1963இல் முடிந்தது. அரசு அதை வெளியிடவில்லை. 2014இல் நெவில் மாக்ஸ்வெல் தம்மிடமிருந்த பகுதியைத் தாமே வெளியிட்டார். முன்கணிப்பு எப்படிப் பிழைத்தது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை, அப்பிழைக்கு உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூட ஐம்பது வருஷம் கிடைக்கவில்லை.

3

1962ஐ அமெச்சூர்தனம் என்று ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். 1973 அதற்கு இடம்தராது. இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறை அந்நாளில் உலகத்தின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனப் பெயர்பெற்றிருந்தது. அதனிடம் 'கருத்து' என்ற பெயரிலேயே ஒரு கோட்பாடு இருந்தது. இஸ்ரேலின் உட்பகுதியைத் தாக்கக்கூடிய விமானங்களும் ஏவுகணைகளும் இல்லாமல் எகிப்து யுத்தத்துக்கு வராது; எகிப்து இல்லாமல் சிரியா வராது. இது கற்பனை அன்று. நாசரின் மருமகன் அஷ்ரஃப் மர்வான் தந்த அசல் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டது. எகிப்து ஒரு சமயம் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தது. 1972 அக்டோபரில் சதாத் மனம் மாறி, கையிலிருக்கும் ஆயுதத்தை வைத்தே குறுகிய யுத்தம் என்று தீர்மானித்தார். எதிரி தன் கருத்தை மாற்றிக்கொண்டான். அவனைப் பற்றிய 'கருத்து' மாறவில்லை.

1973 மே மாதம் எகிப்து படைகளை நகர்த்தியது. தளபதி எலாஸார் முன்னெச்சரிக்கையாகச் செலவு மிகுந்த ஆயத்தங்களைச் செய்தார். யுத்தத்துக்கு வாய்ப்புக் குறைவு என்று உளவுத்துறைத் தலைவர் ஸெய்ரா சொன்னார். யுத்தம் வரவில்லை. கல்வானில் ஜூலை செய்த வேலையை இங்கே மே செய்தது. சரியாகச் சொன்னவர் என்ற பெயரே அக்டோபரில் ஸெய்ராவின் கண்ணைக் கட்டிற்று. செப்டம்பர் 25ஆம் தேதி ஜோர்டான் மன்னர் ஹுஸைன் ரகசியமாக வந்து கோல்டா மெய்ரை எச்சரித்தார். தெற்குப் பிராந்தியத்தின் இளம் லெஃப்டினன்ட் ஸிமான்-டோவ், எகிப்தியர் நடத்துவது பயிற்சியல்ல, தாக்குதலுக்கான ஆயத்தம் என்று அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு குறிப்புகள் எழுதினார். மேலதிகாரி அவற்றை மேலே அனுப்பவில்லை. அக்டோபர் 4 முதல் சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக வெளியேறின. 5ஆம் தேதியும் வாய்ப்புக் குறைவு என்பதே உத்தியோகபூர்வமான மதிப்பீடு. 6ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு யுத்தம் தொடங்கியது. இஸ்ரேலியரில் 2,600 பேருக்கு மேல் இறந்தனர்; அரபுத் தரப்பில் அதைவிடப் பன்மடங்கு.

ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்துப்போனால்தான் தேற வேண்டும் என்கிறது குறளின் ஒற்றாடல் அதிகாரம். இஸ்ரேலில் அன்று தேசிய மதிப்பீட்டைச் செய்யும் அதிகாரம் ஒரே அமைப்பிடம் இருந்தது. மதிப்பீட்டு அமைப்புகள் பலவாக இருக்க வேண்டும் என்று அக்ரனாத் கமிஷன் 1974இல் சொல்ல நேர்ந்தது. ஆனால் ஒற்றர் எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும் விஷயமா இது? ஸிமான்-டோவின் குறிப்பு இருந்தது. தோராட்டின் பயிற்சி இருந்தது. கீழே நிற்பவன் பார்த்ததை மேலே இருப்பவனின் கோட்பாடு பார்க்க மறுத்தது. கண் அவனுடையது, சொல் இவனுடையது. சாவு திரும்பவும் அவனுடையது.

4

சரியான முன்கணிப்பு யுத்தத்தைத் தடுத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2021 இறுதியிலிருந்து அமெரிக்கா, ரஷ்யா உக்ரைனைத் தாக்கப்போகிறது என்று பகிரங்கமாகவே சொல்லிவந்தது. ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவும் நம்பவில்லை. பீதியைக் கிளப்பாதீர்கள் என்று உக்ரைனின் அதிபரே கேட்டுக்கொண்டார். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி சொன்னது நடந்தது. தாக்க முடிவு செய்துவிட்டவனுக்கு, தன் முடிவு பிறருக்குத் தெரிந்துவிட்டது என்பது ஒரு தடையாகவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1986–87 குளிர்காலத்தில் இந்தியா ராஜஸ்தானில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் ராணுவப் பயிற்சியை நடத்தியது. பயிற்சி என்ற பேரில் படையெடுப்போ என்று பாகிஸ்தான் தன் படைகளைப் பஞ்சாப் எல்லைக்கு நகர்த்தியது. ஜனவரியில் இந்தியா விமானத்தில் துருப்புகளைப் பஞ்சாபுக்கு அனுப்பியது. ரிச்சர்ட்ஸனின் சமன்பாடு கண்முன்னே இயங்கியது எனலாம். பிறகு அது நின்றது. அதிகாரிகள் பேசினார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி படைகளைத் திருப்புவதற்கு ஒப்பந்தமாயிற்று. அதே மாதம் ஜியா-உல்-ஹக் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்க வந்தார். யுத்தம் வரப்போகிறது என்று அந்த ஜனவரியில் சொன்னவன் பொய்த்தவனா, மெய்த்தவனா? அவன் சொன்னதைக் காதில் வாங்கியதால்தான் அது பொய்த்தது என்றால், அவனுக்கு எந்த அட்டவணையில் மதிப்பெண் போடுவது? மேகம் வானிலை அறிக்கையைப் படிப்பதில்லை. அரசாங்கங்கள் தம்மைப் பற்றிய ஆரூடத்தைப் படிக்கின்றன. படித்து மாறுகின்றன, அல்லது மாற மறுக்கின்றன. இரண்டு கணக்குகளையும் ஒரே மனிதர் போட்டார் என்பதனால் இரண்டும் ஒரே வகைக் கணக்கு ஆகிவிடாது.

ரிச்சர்ட்ஸனின் அந்த 65 ஆண்டுகளை மீண்டும் பார்க்க வேண்டும். யுத்தம் தொடங்காத ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் அட்டவணையில் ஒரே பூஜ்யம். ஆனால் பூஜ்யங்கள் ஒரு ஜாதி அல்ல. சண்டையிடக் காரணமே இல்லாததால் வந்த பூஜ்யம் ஒன்று. காரணமிருந்தும் யாரோ நின்று யோசித்ததால் வந்த பூஜ்யம் ஒன்று. வெடிக்க இன்னும் நாளாகவில்லை என்பதால் மட்டுமே வந்த பூஜ்யம் மற்றொன்று. வெளியிலிருந்து மூன்றும் அமைதி போலவே தெரியும். மூன்றாவதை முதலாவது என்று எண்ணிக்கொள்வதே இந்தச் சரித்திரம் முழுவதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் பிழை.

1975க்குப் பிறகு இந்திய–சீன எல்லையில் மோதலில் யாரும் இறக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டித் துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்று 1996இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தோட்டா ஒன்றுகூட வெடிக்காத எல்லை என்று அது பல வருஷம் மேடைகளில் புகழப்பட்டது. 2020 ஜூன் 15ஆம் தேதி இரவு இருபது இந்தியச் சிப்பாய்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். தன் தரப்பில் நான்கு பேர் இறந்ததாகச் சீனா பல மாதம் கழித்து ஒப்புக்கொண்டது. அப்போதும் தோட்டா வெடிக்கவில்லை. கல்லாலும் தடியாலும் நடந்தது. இடம் கல்வான் பள்ளத்தாக்கு. ரிச்சர்ட்ஸனின் அளவுகோலில் இது ஒன்றரையைக்கூட எட்டாது. இதைவிடச் சிறிய எண்களை அளப்பதற்கும் அவர் அந்த அளவுகோலில் இடம் வைத்திருந்தார் என்பதே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

யுத்தம் தவிர்க்க முடியாதது என்பவரும், யுத்தம் வரவே வராது என்பவரும் ஒரே வசதியைத் தேடுகிறார்கள். இருவருக்கும் நாளைக் காலை எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வாய்ப்பு இவ்வளவு என்று சொல்பவரிடம் நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இதைக் கேட்டவர் யார்? கேட்பதற்கு முன் எதைத் தீர்மானித்திருந்தார்? இந்தக் கணிப்பு பிழைத்தால் ஓடைக்கரையில் பருத்திச் சட்டையோடு நிற்கப்போவது யார்? இவற்றுக்கு விடை தெரியாமல் சொல்லப்படும் எந்தச் சதவிகிதமும் விரிச்சிதான்.